ஏழாம் வார்த்தையிலிருந்து தப்பித்த கதை

எண்பதுகளின் கடைசியில், ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கம் இருந்த எங்கள் சபைக்கு நான் செயலாளர். ஆலயம் பெரியது, ஆட்கள்தான் இல்லை. எங்கள் குடும்பங்கள் ஞாயிறு காலையில் மீன் மார்க்கெட்டில்தான் தரிசனம் தந்தன. பல சபைகளை ஒருவராகச் சுமந்த எங்கள் போதகர் ஐயர் சொல்லிவிட்டார்: "ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் பெஞ்சு காலியா இருந்தா, இங்க ஆராதனைய நிறுத்திட்டு உங்கள அம்பத்தூரோட சேர்த்துடுவேன்."

அதற்கு முன் பெரிய வெள்ளி. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிப் பேச வேண்டும். முதல் மூன்று ஐயருக்கு. ஐந்தும் ஆறும் சபைப் பெரியவருக்கு. ஏழு என் தலையில். நான் வாயைத் திறந்தால் இருக்கிற நாலு பேரும் போய்விடுவார்கள் என்பது என் மனைவியின் தீர்க்கதரிசனம். நாலாம் வார்த்தைக்கு ஆளே இல்லை.

ஐயரிடம் கேட்டுக்கொண்டு கோவில்பதாகைக்கு சைக்கிளை மிதித்தேன். அங்கே தகரக் கொட்டகையில் பெந்தெகொஸ்தே சபை நடத்திய பாஸ்டர், மற்ற நாட்களில் பூந்தமல்லி பட்டறையில் லேத் ஓட்டுபவர். அவர்களை நாங்கள் கூச்சல் சபை என்போம். எங்களுக்கு அவர்கள் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

"இன்னா அண்ணாத்தே, வழி தெரியாம வந்துட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். "உங்க ஜனங்களையும் கூட்டிட்டு வாங்க, பாஸ்டர்."

"வர்றோம். எங்க ஆளுங்கள அமுக்கிக்க மாட்டியே?"

"எங்க ஆளுங்களையே பிடிக்கத் துப்பில்ல, பாஸ்டர்."

அல்லேலூயாக்காரர்கள் வருகிறார்கள் என்ற செய்தி குவார்ட்டர்ஸில் பரவ, வேடிக்கை பார்க்கவே எங்கள் குடும்பங்கள் வந்து பெஞ்சுகளை நிரப்பின.

பாஸ்டர் பேச ஆரம்பித்தார். நேரம் முடிந்ததும், எங்கள் வழக்கப்படி மேஜை மணியை அடித்தேன். கொட்டகையில் ஏது மணி? உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துவிட்டார். "அல்லேலூயா!" என்றார், அவர் ஜனங்கள் கைதட்டிப் பாடி முழங்கினார்கள். மறுபடி அடித்தேன். மறுபடி முழக்கம். ஐந்தையும் ஆறையும் தாண்டி என் ஏழுக்குள்ளேயே நுழைந்துவிட்டார். பெரியவர் எழுந்து வெளியே போகப் போகிறார் என்று பயந்துகொண்டே கடைசியாக ஒரு முறை அடித்தேன். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்லேலூயா" என்றார்.

ஆராதனை முடிய வேண்டிய மூன்று மணியும் ஆகிவிட்டது. என் பிரசங்கம் சட்டைப்பையிலேயே அடக்கமானது. "கர்த்தர் இருக்காருங்க," என்றாள் மனைவி.

ஈஸ்டர் காலையில் பாஸ்டரின் ஜனங்கள் அவர்கள் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். இங்கே யார் வரப்போகிறார்கள் என்று வாசலிலேயே நின்று தெருவைப் பார்த்தேன். எங்கள் குடும்பங்களே வந்தன, பிள்ளைகுட்டிகளோடு. "அந்தக் கைதட்டுற பாட்டு இன்னைக்கும் உண்டா?" என்று ஓர் அம்மாள் கேட்டார். பாஸ்டர் சபைப் பையன்களைக் கூப்பிட்டு எங்கள் பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கிறேன் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தேன்.

ஐயர் பெஞ்சுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்பத்தூருக்கு நான் சொல்லிக்கிறேன். நீங்க இங்கேயே இருங்க."

நான் விட்ட பெருமூச்சில் பீடத்து மெழுகுவர்த்தி அணையாததே அதிசயம்.