மாமாவுக்கு நான் எழுதிய பழிவாங்கும் கடிதம்

பழிவாங்கப் பொறுமை வேண்டும் என்பதை நான் படித்த அத்தனை இங்கிலீஷ் நாவல்களும் சொல்லின. அவற்றில் வருகிறவன் இருபது வருஷம் காத்திருப்பான். பகைவன் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியேறுவான், அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவான், இடி இடிக்கிற ஒரு நாளாகப் பார்த்து ஜன்னலில் முகத்தைக் காட்டிச் சிரிப்பான். நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவமானப்பட்டேன். திங்கட்கிழமை மத்தியானம் பழிவாங்கிவிட்டேன். தபாலாபீஸ் ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தால் அந்தத் தாமதமும் ஆகியிருக்காது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ரயில்வேயில் குமாஸ்தா, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் ஜாகை. உடம்பு சரக்கு ஆபீஸில் இருந்தாலும் மனசு ஏதாவதொரு பாழடைந்த கோட்டையில் உலாவிக்கொண்டிருக்கும். துரைமார் படித்துத் தள்ளிய நாவல்கள் எங்கள் ரயில்வே நூலகத்தில் ஒரு அலமாரி நிறைய இருந்தன. சாபம், சவப்பெட்டி, செத்தும் போகாத பெண்டாட்டி, இதெல்லாம் இல்லாத புத்தகத்தை நான் தொடுவதில்லை. அந்தக் கதாநாயகர்களைப் போலக் கறுப்புக் கோட்டு வேறு போட்டுக்கொள்வேன். அவர்களுக்குப் பனி பெய்தது. எனக்கு வேர்க்குரு வந்தது.

கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் என் தாய்மாமா பெரிய கிராணியாக இருந்தார். ஆபீஸ் கணக்கும் ஆள் பேரேடும் அவர் கையில். அவருடைய மகளைக் கட்டிக்கொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. முறைப்பெண்தான். ஆனால் மாமா இரண்டு வருஷமாக, "பாக்கலாம், பாக்கலாம்" என்றே ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் விருந்து. இருபது பேர் இலைமுன் உட்கார்ந்திருக்க, மாமா என் கோட்டைப் பார்த்தபடி மகளிடம் சொன்னார்: "அத்தானுக்கு இன்னும் ரெண்டு வடை வைம்மா. குழியிலேர்ந்து எழுந்து வந்த களைப்பு."

இருபது பேரும் சிரித்தார்கள். அது பரவாயில்லை. வடைத் தட்டோடு வந்தவளும் சிரித்தாள். வடை கீழே விழாமல் சிரித்தாள்.

மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். முதல் வரி: 'இந்தக் கடிதம் உங்கள் கையில் சேரும்போது, நீங்கள் அறிந்த நான் இவ்வுலகில் இல்லை.' அதற்குக் கீழே எல்லாம் நெருப்பு. உங்கள் வாசலில் என் நிழல் விழும், உங்கள் சோறு சாம்பலாகும், உங்கள் வம்சம் விளங்காது. கடைசியில் பழக்கதோஷத்தால் பெயர், பதவி, குவார்ட்டர்ஸ் நம்பர் எல்லாம் சுத்தமாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

காகிதம் விசேஷமானது. வெள்ளைக்காரக் கடையில் வாங்கி வைத்திருந்தது. நாலு ஓரத்திலும் கட்டை விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை, உறைக்கும் அதே கரை. நாவல்களில் அப்படிப்பட்ட கடிதம் வந்தால் பிரபுக்கள் முகம் வெளுத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். மாமாவும் நாற்காலியைப் பிடிக்கட்டும் என்று அனுப்பிவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை மாமாவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் கடிதத்துக்குப் பதில் அல்ல. நான் எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவரும் எழுதியிருக்கிறார். நாலு மூலையிலும் மஞ்சள். 'நேற்று விளையாட்டாகப் பேசியதை மனதில் வைக்க வேண்டாம். வருகிற வளர்பிறையில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம்.'

நாற்காலியை நான்தான் பிடித்தேன்.

வயிற்றுவலி என்று ஆபீஸில் சொன்னேன். அது பொய்யும் இல்லை. கிள்ளான் ரயிலைப் பிடித்து, மாமா அந்தக் கடிதத்தைப் படிக்குமுன் பறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் எனக்கில்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன். நான் பிளாட்பாரத்தில் கால் வைக்கவும் கிள்ளானிலிருந்து ஒரு ரயில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அதிலிருந்து என் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, தலைமுடியை விரித்துப்போட்டபடி இறங்கினாள். பின்னால் ஈரத் தலையோடு மாமா, மகள், தோட்டத்து ஜனம் ஏழெட்டுப் பேர். ஒருவர் கையில் பெரிய மாலை.

என்னைப் பார்த்ததும் அத்தை அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாமா என் தோளைத் தொட்டுப் பார்த்தார். கோட்டையும் தொட்டுப் பார்த்தார்.

"டேய், அப்போ செத்தது யாருடா?" என்றார்.

நாவல்கள் சொல்லாமல் விட்ட விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கறுப்புக் கரையைக் கண்டால் பிரபுக்கள் படிப்பார்கள். நம் ஜனங்கள் அழுவார்கள். கருமாதிக் கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோவது கிடையாது. வாசலிலேயே யார் செத்தது என்று பார்த்துவிட்டுக் கிழித்துப் போட வேண்டும், தலைமுழுக வேண்டும், கிளம்ப வேண்டும். இதெல்லாம் எனக்கு மூன்று வயதிலிருந்து தெரியும். கோட்டு போட்டதிலிருந்து மறந்துபோயிருந்தது.

"எவ்வளவு மாமா படிச்சீங்க?"

"முதல் வரி படிச்சேன். அதுக்குள்ள உன் அத்தை ஒப்பாரிய ஆரம்பிச்சிட்டா. அதுக்கு மேல என்னத்தப் படிக்கிறது? கிழிச்சுப் போட்டுட்டுக் குளிச்சேன்."

எனக்கு அந்தப் பிளாட்பாரத்திலேயே ஆட வேண்டும்போல் இருந்தது. மூளையும் முன்பின் இல்லாதபடி வேலை செய்தது.

"நான்தான் மாமா செத்தேன். பழைய நான். அந்தப் பேய்ப் புத்தகத்தையெல்லாம் விட்டொழிச்சு மனுஷனாயிட்டேன்னு எழுதியிருந்தேன்."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தைக்கு ஏற்கெனவே கலங்கித்தான் இருந்தது. மகள் மட்டும் என்னை உற்றுப் பார்த்தாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமாவின் கக்கத்தில் ஒரு புது வேட்டி இருந்தது. தாய்மாமன் கொண்டுவர வேண்டிய கோடி, பிணத்துக்குப் போர்த்துகிற துணி. அதைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. உயிரோடு இருக்கிறவன் கட்டவும் கூடாது. பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார்கள். முடிவு சொன்னது மாமா: "பழையவன் செத்தான்னு இவனே சொல்றான். அந்தப் புத்தகத்துக்குப் போர்த்தி அனுப்பிடுவோம்."

பட்டப்பகலில் ஸ்டேஷனிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் ஊர்வலமாக நடந்தோம். என் சாவு ஊர்வலத்தில் நானே வழிகாட்டி. குவார்ட்டர்ஸில் நாலு புத்தகம் இருந்தன, நாலும் நூலகத்துச் சொத்து. கோடியில் சுற்றி, மேலே மாலையையும் போட்டார்கள்.

"நெருப்புப் பெட்டி கொண்டா," என்றார் மாமா.

ரயில்வே முத்திரை குத்திய புத்தகங்களை எரித்துவிட்டு எந்த முகத்தோடு ஆபீஸுக்குப் போவது?

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "ஏம்ப்பா, கல்யாணம் ஆகாம போனவங்களப் பொதைக்கிறதுதானே நம்ம வழக்கம்? பழைய அத்தானுக்கு எங்க கல்யாணம் ஆச்சு?"

மாமா யோசித்தார். "அதுவும் சரிதான்."

பின்பக்கம் முருங்கைமரத்தடியில் குழி வெட்டினார்கள். வந்ததற்கு அத்தை நாலு வரி ஒப்பாரி பாடினாள். அதில் என் குணநலன்களைக் கேட்டு எனக்கே அழுகை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நாயா அண்ணே?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார்.

எல்லோரும் குழாயடிக்குக் கால் கழுவப் போனபோது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கிழிச்ச துண்டுங்கள வாரிப்போடச் சொன்னாரு அப்பா. வாரினேன். ஒட்டவெச்சுப் படிச்சேன்."

நான் முருங்கைமரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வம்சம் விளங்காதுன்னு எழுதிட்டு, அதே வம்சத்துல பொண்ணு கேக்குறீங்களே."

"மன்னிச்சிரு. அது கோவத்துல..."

"அப்பாகிட்ட சொல்லவா?"

"வேணாம்."

"ரெண்டாம் பக்கம் எந்தப் புத்தகத்துலேர்ந்து எடுத்தீங்க?"

திருடியது எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. குழியைக் காட்டி, "மேலேர்ந்து மூணாவது," என்றேன்.

"நாளைக்குத் தோண்டி எடுங்க. ஞாயித்துக்கிழமை கொண்டாங்க. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது, நீங்கதான் படிச்சுச் சொல்லணும். படிச்சுச் சொன்னா, அந்தக் கடுதாசிய நான் பாக்கவே இல்ல."

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கொட்டாங்கச்சியால் என் சமாதியைத் தோண்டினேன். ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். திருந்தின மருமகனுக்கு மாமா தானே இலை போட்டார். சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்ததும், நான் கூடத்தில் உட்கார்ந்து அடங்கிய குரலில் படித்துச் சொல்ல, அவள் கதவோரத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். பகைவன் விஷக் கிண்ணத்தை வாயில் வைக்கிற இடம் வந்ததும் எனக்கு வழக்கம்போல மயிர்க்கூச்செறிந்தது. முறம் நின்றது.

"ஒரே மடக்குலயா அத்தான்?" என்றாள் அவள், ஏமாற்றத்தோடு. "இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருக்கலாம்."