ஜெபநேரத்து முகம்

அந்த மருத்துவமனையில் இரண்டு வகை ஊசி உண்டு. ஒன்று நர்சுகளின் கையில் இருப்பது. இன்னொன்று தரைத்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில், கிழிந்த விரிப்புகளுக்கும் அங்கிகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பது. இந்த இரண்டாவது ஊசிக்குச் சொந்தக்காரியைத்தான் எல்லோரும் ஊசியக்கா என்று கூப்பிடுவார்கள். "ஊசியக்கா வர்றாங்க" என்று யாராவது சொன்னதும், புதிதாக வந்து படுத்திருக்கும் நோயாளிகள் சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். வருவதோ ஐம்பத்தெட்டு வயது அம்மாள், கழுத்தில் அளவு நாடா, கையில் மடித்த துணிக்கட்டு.

நோயாளிகளுக்கு முதுகுப்பக்கம் திறந்த ஓர் அங்கியைப் போட்டுவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். சலவை இயந்திரம் முதலில் தின்பது அதன் நாடாக்களைத்தான். நாடா போன அங்கியோடு கழிப்பறைக்கு நடக்கிற மனுஷன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒரு கையால் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஓர் அங்கிக்கு இரண்டு நாடா போதும் என்பது அங்குள்ள விதி. ஊசியக்கா இடுப்பருகே மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துத் தைப்பாள். துணி வீணாகிறது என்று மேற்பார்வையாளர் ஒருநாள் முகத்தைச் சுளித்தார்.

"சார், நீங்க ஒரு நாள் இதப் போட்டுக்கிட்டு மாடிப்படி ஏறிப் பாருங்க. அப்புறம் பேசலாம்" என்றாள் அவள். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தைக்கும்போது வாய் சும்மா இருக்காது. நூல் ஒரே தடவையில் ஊசிக்காதில் நுழைந்தால் "ஸ்தோத்திரம்". பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஸ்தோத்திரம், கிடைக்காவிட்டால் நிற்கக் காலில் வலு இருக்கிறதே, அதற்கும் ஸ்தோத்திரம். கேட்கிறவர்களுக்குச் சில சமயம் எரிச்சல்கூட வரும். அதற்காக அவளை வெள்ளந்தி என்று கணக்குப் போட்டுவிட வேண்டாம். சலவைக்கூடத்துப் பெண்கள் யாரைப் பற்றியாவது குறைசொல்ல வந்து குனிந்தால், ஊசியக்கா தையலை நிறுத்தாமல், "இத அவகிட்டயே கேட்டுப் பாத்தியாம்மா?" என்பாள். கோள் சொல்ல வந்தவளுக்கு அதற்கு மேல் என்ன இருக்கிறது? வந்த வழியே போய்விடுவாள்.

அவள் புருஷனுக்குக் குழாய் வேலை. தெருவில் அவருக்குப் பெயரே குழாய்க்காரர்தான். ஒரு வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போவதற்கு எத்தனை இடத்தில் எத்தனை வளையம் உடையாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர். அதனாலேயோ என்னவோ, அவருக்கு எல்லாமே அதிசயம். சாப்பாட்டு மேசையில் அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் லேசில் முடியாது. குழாயில் வந்த தண்ணீர், தெருவுக்கு அடியில் அந்தக் குழாயைப் பதித்த கைகள், அடுப்புக்கு காஸ் சிலிண்டரைத் தூக்கிவந்தவரின் இடுப்பு, காய்கறி விற்ற அம்மாள், சமைத்த மனைவி, பசி என்கிற ஒன்றைக் கொடுத்ததற்காகத் தனியாக ஒரு நன்றி என்று வரிசையாகப் போவார். ஆவி பறந்த சாப்பாடு ஆறி அவலாகிவிடும். ஆனால் அந்த ஜெபம் இல்லாமல் ஒரு கவளம்கூட அவர் வாய்க்குள் போனதில்லை. கல்யாண வீட்டிலானாலும் சரி, வேலைக்குப் போன வீட்டின் பின்வாசலிலானாலும் சரி, தட்டு வந்ததும் தலை குனிந்துவிடும்.

அந்த வீட்டில் ஜெபம் அவருடைய பங்கு. கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசியில் "ஆமென்" சொல்வது ஊசியக்காவின் பங்கு. கண்ணைத் திறந்துகொண்டு செய்கிற ஜெபம் ஜெபமே இல்லை என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முப்பத்தாறு வருஷமாக அதில் அவள் ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்குக் கிளம்பி நின்றவர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன்னால் தடுமாறினார். என்னங்க என்று அவள் கேட்பதற்குள் வலது கை தொங்கிவிட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆம்புலன்ஸில் அவளுடைய மருத்துவமனைக்கேதான் கொண்டுவந்தார்கள். மூன்றாவது மாடியில் அவருக்கு அங்கியைப் போட்டுவிட்டு, அவளே முதுகுப்பக்கம் கட்டினாள். இடுப்பருகே மூன்றாவது நாடா கைக்கு வந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் தைத்தபோது இந்த முதுகு நினைவுக்கு வந்திருக்குமா?

உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். பேச்சு மட்டும் போய்விட்டது. வந்தாலும் வரலாம் என்றார்கள். சபையிலிருந்து வந்தவர்கள், "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க அக்கா, நீங்க எங்களுக்குச் சொன்னதுதானே" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். ஆனால் நா எழவில்லை. நூல் கோத்ததற்கெல்லாம் சொன்ன வார்த்தையை இப்போது சொன்னால் பொய்யாகிவிடும் என்று பட்டது. மனசுக்குள் ஆண்டவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். இத்தனை நாள் சொன்னதெல்லாம் எல்லாம் நன்றாக நடந்ததால் சொன்னதுதானோ என்கிற சந்தேகம் வேறு அவளைத் தின்றது.

அதற்குள் வேறொரு கவலை வந்தது. அவர் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை, விழுங்கும் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு ஸ்பூன் தண்ணீரைக் கொடுத்துத் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாகவே விழுங்கினார். மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தாலும் ஒழுங்காக இறங்கியது. சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கொண்டுவந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை இறுக்கிக்கொண்டுவிடுவார். ஊசியக்கா கெஞ்சினாள், கொஞ்சினாள், ஒரு தடவை அதட்டியும் பார்த்தாள். செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. சலைன் பாட்டில்தான் மாறிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை காலை டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"தொண்டையில ஒரு கோளாறும் இல்லம்மா. அவருக்கே இஷ்டமில்ல போல. மனசு விட்டுட்டா சில பேர் இப்படித்தான் ஆயிடுவாங்க. மதியமும் சாப்பிடலன்னா சாயங்காலம் மூக்கு வழியா டியூப் போட்டுடலாம்."

"அவர் பிடுங்கிடுவார் டாக்டர். இடது கை நல்லாத்தான் இருக்கு."

"அந்தக் கையக் கட்டி வைக்கணும். வேற வழியில்ல."

கையைக் கட்டுகிற பட்டை எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பஞ்சு வைத்து, தோல் உரசாமல் ஓரத்தை மடித்து, அவளே தைத்தவைதான் அத்தனையும். மிச்சமிருக்கிற ஒரு கையையும் அவள் தைத்த பட்டையாலேயே கட்டப்போகிறார்கள். அதைவிட, மனசு விட்டுவிட்டார் என்ற வார்த்தைதான் அவளை வெட்டியது. அவள் ஸ்பூனைத் தூக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறாரே, அவளையே பார்க்கப் பிடிக்கவில்லையா?

மதியச் சாப்பாட்டு வண்டி வருகிற நேரத்துக்கு மகள் வந்து சேர்ந்தாள். வெளியூரில் வேலை, கைக்குழந்தை வேறு. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு விடியற்காலையில் கிளம்பியிருந்தாள். அப்பாவின் காலைத் தொட்டபடி கட்டில் ஓரத்தில் நின்றாள். சாப்பாடு கொண்டுவந்தவர் மேசையைத் தள்ளிப்போட்டு, ஓட்ஸ் கூழ்க்கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். ஊசியக்கா ஸ்பூனை எடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தியா? மூணு நாளா இதான். நான் பக்கத்துல வந்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறார்" என்றாள்.

மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. கீழுதடு உள்ளே மடிந்திருந்தது. இடது கை நெஞ்சின் மேல் வந்து கிடந்தது.

"அம்மா, அவர் மூஞ்சியத் திருப்பல" என்றாள் மெதுவாக. "அப்பா ஜெபம் பண்றார்."

"என்னடி சொல்ற?"

"இதான்மா அவரோட ஜெப மூஞ்சி. ஒரு புருவம் இப்படித்தான் மேல போகும். உதட்ட மடிச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிப்பார். உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கண்ண மூடிட்டு இருப்பேன்ல."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. இந்த மனுஷனை அவள் காய்ச்சலில் பார்த்திருக்கிறாள், கோபத்தில் பார்த்திருக்கிறாள், குறட்டை விட்டுத் தூங்கும்போது பார்த்துச் சிரித்திருக்கிறாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை அவர் நன்றி சொன்ன முகத்தை மட்டும் பார்த்ததே இல்லை. ஒழுங்காகக் கண்ணை மூடியதற்குக் கிடைத்த பலன் அது.

"நீ கண்ணத் திறந்து பாத்துட்டா இருந்த?"

"நாலு வயசுலேருந்து. பசிக்கும்மா. எப்ப முடிப்பார்னு பாத்துட்டே இருப்பேன்" என்று மகள் அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

ஆக, மூன்று நாளாக அந்த மனுஷன் சாப்பாட்டை மறுக்கவே இல்லை. வார்த்தை வராத வாயை வைத்துக்கொண்டு, யாராவது நன்றி சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார். இவர்களோ ஆறுவதற்குள் ஊட்டிவிட வேண்டும் என்று உதட்டில் ஸ்பூனை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொல்லட்டுமாப்பா?" என்ற மகள், கைகுவித்து, "இந்த உணவுக்காக நன்றி ஆண்டவரே, ஆமென்" என்று ஒரே மூச்சில் முடித்தாள். அவர் ஒரு கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்தார். மறுபடியும் மூடிக்கொண்டார். உதடு இம்மியும் அசையவில்லை.

"அவருக்கு இது பத்தாது" என்றாள் மகள். "நீங்க சொல்லுங்கம்மா."

ஊசியக்கா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். சொல்லித்தான் ஆக வேண்டும், பொய்யும் சொல்ல முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே ஜெபிக்க ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, உமக்குத் தெரியாதது இல்ல. உம்ம மேல எனக்குக் கோபம். நாலு நாளா உம்மகிட்ட நான் பேசல. இந்த வியாதிக்கு நன்றி சொல்லச் சொல்றாங்க. எனக்கு வரல. வராதத வந்த மாதிரி சொல்ல மாட்டேன்."

இதைக் கேட்டு அவர் முகம் சுளிக்கும் என்று பயந்தாள். சுளிக்கவில்லை. ஏறியிருந்த புருவம் ஏறியபடியே இருந்தது, அவள் சொல்வது சரிதான், மேலே சொல்லட்டும் என்பது போல.

"இந்தக் கூழக் காய்ச்சினவங்களுக்காக நன்றி. வண்டி தள்ளிட்டு வந்த அந்தத் தம்பிக்காக நன்றி. மூணு மாடி ஏறி வர்ற தண்ணிக்கு, அந்தக் குழாய யாரு போட்டாங்களோ அவங்களுக்காக நன்றி. இவரோட தொண்ட நல்லாயிருக்கு, அதுக்கு நன்றி. எம்பொண்ணு திருட்டுத்தனமா கண்ணத் திறந்து பாத்தாளே, அதுக்கும் நன்றி."

கட்டிலோடு இன்னும் நெருங்கி நின்றாள்.

"இந்த மனுஷன எனக்குக் கொடுத்தீர். முப்பத்தாறு வருஷம் கூடவே வெச்சிருந்தீர். ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டிருக்கலாம், எடுத்துக்கல. இதோ எம் முன்னாடி இருக்கார். இதுக்கு நான் நன்றி சொல்றேன் ஆண்டவரே. இது பொய்யில்ல. ஆமென்."

"ம்ம்" என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. அது ஆமென்தான் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. பிறகு அவர் கண்ணைத் திறந்து, கோணியிருந்த வாயை முடிந்தமட்டும் திறந்தார்.

முதல் ஸ்பூனில் பாதி மோவாயில் வழிந்தது. இரண்டாவது சரியாக இறங்கியது. மூன்று, நான்கு என்று மகள் சத்தமாக எண்ணினாள். ஐந்தாவது ஸ்பூன் போகும்போது அவருடைய இடது கை மெல்ல எழுந்து மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த ஸ்பூனை அவள் வாய்ப்பக்கம் திருப்பியது.

"எனக்கு வேணாங்க. நீங்க சாப்பிடுங்க."

அவர் கையை எடுக்கவில்லை. நான்கு நாளாகத் தேநீரைத் தவிர வேறெதுவும் அவள் வாயில் பட்டிருக்கவில்லை. அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது. அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். ஆறிப்போன, உப்பில்லாத கூழ்.

கிண்ணம் காலியாகிற நேரத்துக்கு நர்ஸ் அட்டையோடு வந்து நின்றாள். கிண்ணத்தையும் பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள்.

"இனிமே டியூப் பேச்சே வேணாம், நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றவள் பேனாவை எடுத்தாள். "எத்தன ஸ்பூன் ஆச்சு?"

"பன்னெண்டு" என்றாள் மகள் பெருமையாக.

"இல்லம்மா, பதினொண்ணுன்னு எழுது" என்றாள் ஊசியக்கா. "ஒண்ணு நான் சாப்பிட்டேன்."

நர்ஸ் அப்படியே எழுதினாள். அதற்குள் அவர் மறுபடியும் வாயைத் திறந்து காத்திருந்தார்.