ஜெர்மன் வீரரின் முழங்கால்

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் அண்ணன் சின்னராசு இன்றும் வலது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

எழுதிவிட்டேன்... இப்போது மூச்சு விட முடிகிறது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். நாகலூர் எஸ்டேட்டில் எங்கள் வரிசை வீடுகளுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் படிக்க என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உங்களுக்குத் தெரியாது.

மேற்கு ஜெர்மனி கால்பந்து உலகக் கோப்பையை வென்ற வருடம். எஸ்டேட் முதலாளியின் பங்களாவில் கழித்துப்போட்ட ஆங்கில விளையாட்டுப் பத்திரிகையை அண்ணன் எடுத்துவந்தார். அட்டையில் கோப்பையோடு ஒரு வீரர். உள்ளே அவருடைய வாழ்க்கைக் கதை. எஸ்டேட் டீமில் பந்தாடும் அண்ணனுக்கு அப்போது முழங்கால் வீங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளக்கடை அணியோடு இறுதி ஆட்டம்.

"இந்தாளுக்கும் முட்டியில கட்டுப் போட்ட படம் இருக்குது. என்ன பண்ணுனான்னு படி கண்ணு."

அப்போது நான் பத்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டத் தெரியும், பொருள் விளங்கவில்லை. அண்ணனின் கூட்டாளிகள் நாலு பேர் என் வாயையே பார்த்திருந்தார்கள். தெரியாது என்று சொல்ல ஏன் நாக்கு எழவில்லை? ஒரே ஒரு சொல்தானே!

"துணிய இறுக்கிக் கட்டிட்டு ஆடுனாருங்கண்ணா. கோப்பையையும் வாங்கிட்டாரு" என்றேன்.

"டீச்சரம்மாவே சொல்லிருச்சு, இனி உனக்கு டாக்டரு எதுக்குடா?" என்று ஒருவர் சிரித்தார்.

அண்ணன் கட்டிக்கொண்டு ஆடினார். இரண்டாம் பாதியில் விழுந்தவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். பிறகு அவர் பந்தைத் தொடவேயில்லை.

கல்லூரியில் ஆங்கிலம் பிடிபட்ட பின் அதே பத்திரிகையைப் படித்தேன். அந்த வீரர் சுரங்கத் தொழிலாளியின் மகன். பதினேழு வயதில் கிளப்பில் சேர்ந்தவர். முழங்காலில் அடிபட்டதும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஒரு வருடம் முழுக்கக் களமிறங்காமல் இருந்திருக்கிறார்... கோப்பை அதற்குப் பிறகுதான்.

எத்தனை வருடம் இதை விழுங்கிக்கொண்டிருந்தேன்! போன வாரம், உலர்களத்தில் காப்பிக்கொட்டை கிளறிக்கொண்டிருந்த அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை.

"ஒரு வருசம் சும்மாவா இருந்தான்?"

"ஆமாங்கண்ணா."

"அத்தன நாளும் அவனுக்கு எவன் சோறு போட்டான்?"

"கிளப்புலதானுங்க."

"நொம்ப நல்ல கிளப்பு" என்று சிரித்தார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனாலும் நெஞ்சு லேசாகிவிட்டது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

சற்றுப் பொறுத்து, "கோப்பை வாங்கறப்ப அவனுக்கு என்ன வயசு?" என்றார்.

"முப்பதுங்கண்ணா."

இந்த முறை படித்ததைத்தான் சொன்னேன். அண்ணனுக்கு இப்போது இருபத்தொன்பது.