அருளப்பனின் துளைக்கருவி

முட்டுக்காட்டில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் அருளப்பனுக்கு, இயந்திர இரைச்சலால் இரு காதுகளும் கேட்பதில்லை. கடற்கரை விடுதிகளுக்காக, கையால் திருகி மிளகைப் பொடிக்கும் மரக் குடுவைகளை அவர் கடைகிறார். குடுவையின் நடுவே துளையிடும்போது மரத்தூள் அடைத்துக்கொண்டால் துளைக்கருவி கிறீச்சிடும். உடனே நிறுத்தாவிட்டால் கட்டை பிளந்துவிடும். அந்தச் சத்தத்தை அவருக்காகக் கேட்டு, தோளில் தட்டி எச்சரித்து வந்தவர் மனைவி சவுரியம்மாள்.

சென்ற தை மாதம் சவுரியம்மாள் இறந்தார். அதன்பின் அருளப்பன் துளையிட்ட ஐந்து கட்டைகளும் பிளந்தன. ஆறாவதும் பிளந்தால் தொழிலையே விட்டுவிடுவது என்று முடிவு செய்து, அவர் செங்கல்பட்டிலுள்ள கருவிக் கடைக்குப் போனார். கடைக்காரர் தமிழ்வாணன் நீளமான துளைக்கருவி ஒன்றை நீட்டி, உதடு தெரியும்படி நிறுத்திப் பேசினார்.

"இத்த எடுத்துக்கோ அண்ணாத்த. ஒரே மூச்சுல அடி வரைக்கும் போவும். கத்துச்சுன்னா மட்டும் நிறுத்திடு."

"கத்துனா என்னாண்ட யாரு சொல்றது? சொல்றவ போய்ட்டா, தமிழு."

தமிழ்வாணன் அதை உள்ளே வைத்துவிட்டு, வாய் அகன்ற குட்டைக் கருவியை எடுத்தார்.

"அப்போ இதான். விரக்கடை ஆழத்துக்கு ஒருதபா வெளிய எடுத்து தூளத் தட்டணும். பேஜாரு புடிச்ச வேல, பொழுதே பூடும்."

"பொழுதுக்கு இன்னா, நெறைய கீது."

மறுநாள் அருளப்பன், குட்டைக் கருவி பாதி ஆழமே எட்டியதால், ஆறாவது கட்டையில் இரு முனைகளிலிருந்தும் தூளைத் தட்டித் தட்டிச் சிறிது சிறிதாகத் துளையிட்டார். கட்டை பிளக்கவில்லை. சவுரியம்மாள் இல்லாமலும் வேலை நடக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் வெகுநேரம் அழுதார்.