மனுதாரரின் தந்தை

அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார். சர்க்கரை நோய். செருப்புக் கடித்த புண் புரையோடிக் கணுக்கால்வரை கறுத்துவிட்டது. எடுத்தால் ஓரிரு வருஷம் இருப்பார், எடுக்காவிட்டால் இந்த மாதத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று அவர் ஹிந்தியில் சொன்னதை மனதுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். தமிழில் இன்னும் மோசமாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் கணவருக்குப் புனேயில் ராணுவக் கணக்குத் துறையில் வேலை, சாங்வியில் வீடு. அம்மா போனபின் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அப்பாவை நான்தான் அழைத்து வந்தேன். அழைத்து வந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பெயர்த்துக்கொண்டு வந்தேன்.

வந்த கொஞ்ச நாளிலேயே அவருக்கு நினைவு தடுமாற ஆரம்பித்துவிட்டது. நல்ல நேரத்தில் என்னை "ஏளா" என்று கூப்பிடுவார், எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. மற்ற நேரத்தில், "வாங்கம்மா, என்ன விசயமா வந்தீங்க?" என்பார். அப்போது அவர் எம்.எல்.ஏ. நான் மனு கொண்டுவந்திருக்கும் பொதுஜனம்.

அவர் எம்.எல்.ஏ.வாக இருந்தது நிஜம். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை உதறிவிட்டு வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். ஜெயிலில் உட்கார்ந்து ஹிந்தி படித்தார். சுதந்திரத்துக்குப் பின் வந்த முதல் தேர்தலில் நின்று ஜெயித்தார், அதற்குப்பின் இரண்டு தடவையும் ஜெயித்தார். மந்திரி ஆக்கப்போகிறார்கள் என்று ஊரே பேசியது. யாரும் ஆக்கவில்லை. பிறகு ஹிந்தி எதிர்ப்பில் ஊர் பற்றி எரிந்தபோது, ஜெயிலில் ஆசையாகப் படித்த அந்த ஹிந்தியே அவர் கழுத்தைப் பிடித்தது. மாணவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்ததைப் பற்றிச் சட்டசபையில் பேச்சு வந்த அன்று அவர் வாய் திறக்கவில்லை. அடுத்த தேர்தலில் தோற்றார். அவருடைய கட்சியே தோற்றதுதான், ஆனால் அவர் அதைத் தனக்கென்று விழுந்த அடியாகவே எடுத்துக்கொண்டார். "பேசியிருக்கணும்" என்று ஒரே ஒருமுறை அம்மாவிடம் சொன்னாராம். மறுபடி அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

பதவியில் இருந்த காலத்தில் காலை ஆறு மணிக்கே எங்கள் முன்னறை நிறைந்துவிடும். பாலம், பள்ளிக்கூடம், பஸ், கிணறு, வாத்தியாருக்கு மாற்றல். எனக்கும் அண்ணனுக்கும் அப்பா என்றால் ஒரு முதுகு, அவ்வளவுதான். ஒருநாள் வீட்டில் அரிசி தீர்ந்துபோனதை அம்மா ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி முன்னறைக்கு அனுப்பினாள். "தாசில்தார் அவர்களுக்கு, ஆவன செய்யவும்" என்று கையெழுத்தோடு அது திரும்பி வந்தது. இதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரிப்பாள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

சாங்வியில் அந்த வியாதி முற்றிவிட்டது. கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் "ஆவன செய்யவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். காஸ் ரசீது, கரண்ட் பில், பால்காரர் சீட்டு எதுவும் தப்பவில்லை. என் மகளின் மராத்தி வீட்டுப்பாடத்தில் எழுதியபோது டீச்சர் என்னைக் கூப்பிட்டு, இது என்ன மொழி, என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்தார். என் மகளுக்கும் அதைப் படிக்கத் தெரியாது. தாத்தாவின் கையெழுத்து என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சம்மதப் படிவத்தை இரண்டு நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். "போட்டுடு. நீ யோசிக்கிற வரைக்கும் கால் காத்துக்கிட்டு இருக்குமா?" என்றார் என் கணவர். சென்னையிலிருந்து அண்ணன் போனில், "நீதான கூட இருக்கே, ஒனக்குத் தெரியாததா?" என்றான். பொறுப்பைத் தட்டிக்கழிக்க எங்கள் குடும்பத்தில் இப்படித்தான் பாராட்டுவார்கள். போனை வைத்துவிட்டு அழுதேன். பிறந்ததிலிருந்து அந்த மனிதரிடம் எனக்கென்று எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, சரி என்றோ வேண்டாம் என்றோ. அது அவர் வாயிலிருந்து வரவேண்டும்.

புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நல்ல நேரம் ஒன்று வாய்த்தது. "ஏளா, என்னமோ நாறுது" என்றார்.

"அப்பா, காலை எடுக்கணும்ங்காங்க. எடுத்துரட்டுமா?"

"யாரு காலை?"

"உங்க காலைத்தான்ப்பா."

"என் காலுக்கு என்ன? நேத்துக்கூட நடந்துல்லா போனேன்."

அவர் நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விளக்கிச் சொன்னேன். முகம் வெளிறிப்போய்க் கேட்டுக்கொண்டார். இரண்டு நிமிஷத்தில் மறந்தார். மறுபடி கேட்டேன், மறுபடி அதே திடுக்கிடல், அதே வெளிறல். ஐந்து தடவை கேட்டேன். ஐந்தாவது தடவை குழந்தை மாதிரி அழுதார். ஒரே கெட்ட செய்தியை ஒரு மனிதனுக்கு ஐந்து முறை புதிதாகச் சொல்லியிருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போதுதான் மனு எழுதும் யோசனை வந்தது. ஆஸ்பத்திரி கான்டீனில் உட்கார்ந்து, மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, எழுதினேன். ஐயா அவர்களின் சமூகத்துக்கு, என் தந்தைக்கு வயது எண்பத்திரண்டு, அவருடைய இடது காலை எடுத்தால்தான் உயிர் பிழைப்பார் என்று டாக்டர் சொல்கிறார், எடுப்பதற்குத் தாங்கள் உத்தரவு தரவேண்டும். கரண்ட் பில்லில் எழுதுகிறவர் இதில் எழுதமாட்டாரா என்பதுதான் என் கணக்கு. அவர் கையெழுத்து ஒன்று கிடைத்துவிட்டால், அதைக் காட்டி என் மனசாட்சியை ஏமாற்றிவிடலாம். ஏமாற்று வேலை என்று தெரிந்துதான் செய்தேன்.

மூன்று மணிவாக்கில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து போர்வையைச் சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார். வார்டைக் கூட்டுகிற அம்மாள் வந்தாள்; மாவ்ஷி, அதாவது சித்தி, என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவோம். அவளிடம், "பைட்டியே, ஆப்கோ க்யா கஷ்ட் ஹை?" என்று ஜெயில் ஹிந்தியில் உட்காரச் சொல்லிக் குறை விசாரித்தார். தாத்தா புத்தகம் மாதிரிப் பேசுகிறார் என்று அந்த அம்மாள் சிரித்தாள். இதுதான் நேரம் என்று நான் மனுவையும் பேனாவையும் நீட்டினேன்.

கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். காஸ் ரசீதுக்கெல்லாம் அவர் கண்ணாடி தேடியதே இல்லை. உதடு அசைய ஒருமுறை படித்தார், பிறகு இன்னொரு முறை படித்தார்.

"உக்காருங்கம்மா. நின்னுக்கிட்டு மனு குடுக்கக்கூடாது. உங்க அப்பாவுக்கா?"

"ஆமாங்கய்யா."

"என்ன வேலை பாத்தாரு?"

"ஊர் வேலைதான்யா. ஊர்ல உள்ளவங்களுக்கு வேண்டியத ஓடி ஓடிச் செஞ்சாரு."

"வீட்டுக்குச் செஞ்சாரா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "செஞ்சாருய்யா" என்றேன்.

"நெனவு இருக்கா அவருக்கு?"

"சில நேரம் இருக்கு, சில நேரம் இல்ல."

"இருக்கப்ப கேட்டீங்களா?"

"கேட்டேன். அழுதாரு."

"காலு போகப்போகுதேன்னு அழுதாரா, இல்ல பயந்துபோயி அழுதாரா?"

"தெரியலய்யா."

பேனாவை மூடிவிட்டார். "தெரியாம நான் எப்படிம்மா எழுத? மனு உங்களோடது, காலு அவரோடதுல்லா."

"நாளைக்குள்ள எழுதணும்யா. இல்லைன்னா அவரு இருக்கமாட்டாரு." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்பா, அப்பா என்று என்னை அறியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். மாவ்ஷி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அவர் பொறுமையாக இருந்தார். அழுகிற பெண்களை அந்த முன்னறையில் எத்தனை பேரைப் பார்த்திருப்பார். "அழாதீங்க. அவர நேர்ல கூட்டிட்டு வாங்க, நான் கேக்கேன். நடக்க முடியாதுன்னா சொல்லுங்க, நானே வாரேன். எந்தத் தெரு?"

நான் தெருவைச் சொல்லவில்லை. அவர் பேனாவைத் திறந்து மனுவின் ஓரத்தில் எழுதினார்: "மனுதாரரின் தந்தையை நேரில் கண்டபின் முடிவு."

மறுநாள் சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அதன்பின் பதினான்கு மாதம் இருந்தார். கால் இல்லை என்பது அவருக்கு நினைவில் தங்கவே இல்லை. பழைய ஞாபகத்தில் கட்டிலைவிட்டு இறங்குவார், விழுவார். விழுந்தபின் தொடையிலிருந்து கீழ்நோக்கித் தடவிக்கொண்டே போவார், கை ஓர் இடத்தில் நின்றுவிடும். அந்த முகத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. எடுக்காமல் விட்டிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். அப்படித் தோன்றியதற்காக அன்று முழுக்க என்மீதே ஆத்திரமாக வரும். மகள்மேலும் கணவர்மேலும் எரிந்து விழுவேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். காகிதங்களில் எழுதுவதை அவர் நிறுத்திவிட்டார். கரண்ட் பில்லையும் பேனாவையும் வேண்டுமென்றே பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தள்ளி வைத்துவிட்டார்.

ஒருநாள் காலையில் நான் அவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். "ஏளா" என்றார். கண் தெளிவாக இருந்தது. "அந்தம்மா வந்தாங்களா?"

"எந்த அம்மாப்பா?"

"அப்பாவுக்குக் காலுன்னு மனு குடுத்தாங்கள்லா. நான் வாரேன்னேன். தெரு சொல்லாமப் போயிட்டாங்க. நீ விசாரி, போயிட்டு வந்துருவோம்." சொல்லிக்கொண்டே போர்வையை விலக்கி எழுந்திருக்கப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டு இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்ப்பா. அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. காலை எடுத்தாச்சு."

"அவரக் கேக்காமலா?"

"கேக்காமத்தான்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உசுரோட இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்காருப்பா."

"பாவம்" என்றார் அப்பா. போர்வையை இழுத்து இடுப்புவரை போர்த்திக்கொண்டு, அடுத்த வாய் இட்லிக்கு வாயைத் திறந்தார்.