அவருக்குப் பத்து, எனக்கு எட்டு

துப்பாக்கி சுடும் சங்கத்தில் முதலில் சேர்ந்தவள் நான். அலுவலகம் விட்டால் வீடு என்றிருந்த எனக்கு, அது ஒன்றுதான் சொந்தமாகக் கிடைத்தது. சில மாதம் கழித்து, "சும்மா வந்து பாக்குறேன்" என்று என் கணவரும் கூட வந்தார். வந்தவர் முதல் நாளே நடு வட்டத்தில் சுட்டார். கிளமெண்டியில் இருக்கும் எங்கள் வீட்டில் தன் துண்டு எங்கே தொங்குகிறது என்று தெரியாத மனுஷன், பத்து மீட்டர் தள்ளியிருக்கும் புள்ளியைக் கண்டுபிடித்துவிடுகிறார். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

ஆளுக்கொரு ஏர் பிஸ்டல் வாங்கி, விதிப்படி சங்கத்தின் ஆயுத அறையிலேயே வைத்திருந்தோம். பயிற்சி முடிந்ததும் நான் என்னுடையதைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்துவிடுவேன். கைப்பிடி, ட்ரிகர் பக்கத்து ஸ்க்ரூக்கள், எதையும் விடமாட்டேன். துடைத்து, எண்ணெய் தொட்டு, மறுபடி பூட்டுவேன். அவர் வெளியே துணியால் ஓர் இழுப்பு இழுப்பார், அவ்வளவுதான்.

"எத்தனை தடவை கழட்டுவ? தேக்கா சந்தைக் கடையில சாப்பாடு முடிஞ்சிரும், பசிக்குது லா."

"நீங்க எப்பதான் கழட்டுவீங்க?"

"ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பாத்துக்கலாம்."

சொன்னபடியே அந்த வருடம் பிஸ்டல் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. அடுத்த வாரம் சுட்டதெல்லாம் நடு வட்டம், பத்துக்குப் பத்து.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அந்தக் கூடத்தைக் கழுவிக் கழுவித் தேய்த்தேன். என் பிஸ்டலில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அவருடையதில் இல்லை என்று உறுதியாக நம்பினேன்.

அப்போது சங்கங்களுக்கு இடையே ஒரு போட்டி வந்தது. எங்கள் அணியில் ஒரே ஓர் இடம் காலி. அதற்கு மிஞ்சியவர்கள் நாங்கள் இருவர். தேர்வுக்கு முந்தைய நாள், விட்டேனா பார் என்று கடைசி ஸ்க்ரூவரை கழற்றிப் பூட்டினேன். ஸ்க்ரூவை மாற்றி முடுக்கியதில் ட்ரிகர் இளகிப்போய், மறுநாள் நான் அழுத்த நினைப்பதற்கு முன்பே குண்டு பாய்ந்தது. எட்டு, ஏழு, மறுபடி எட்டு. கை அதற்குப் பழகுவதற்குள் அவர் ஜெயித்துவிட்டார்.

எங்கள் பயிற்சியாளரம்மா என் பிஸ்டலை வாங்கிப் பார்த்தார். "தினம் தொடைங்க, வேணாங்கல. குழலை அப்பப்ப சுத்தம் பண்ணுங்க. மொத்தமா கழட்டுறது வருஷத்துக்கு ஒரு தடவை போதும், அதுவும் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து."

வருஷத்துக்கு ஒரு தடவையாம். ஆயுத பூஜைக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அந்தத் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

வீடு திரும்பும்போது ரயிலில், "போட்டிக்கு நீயே போ. எனக்கு இது பொழுதுபோக்குதானே" என்றார். நான் உயிரைக் கொடுத்துக் கேட்டதை, தட்டில் மிஞ்சிய வடையைப் போல என் பக்கம் தள்ளினார். மானம் பார்க்கிறவள் வேண்டாம் என்றிருப்பாள். நான் "சரி" என்றேன். பயிற்சியாளரும் ஒத்துக்கொண்டு, என் ட்ரிகரைச் சரிசெய்து தந்தார்.

போட்டியன்று நன்றாகவே சுட்டேன். கடைசிக் குண்டு நடு வட்டத்தில் பட்டதும் பார்வையாளர் பக்கம் திரும்பினேன். அவர் இடத்தில் நிற்கிற என்னைக் கண்டு அவர் முகத்தில் ஒரு துளிப் பொறாமையாவது இருக்காதா என்று ஆசை. எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார், பாவி மனுஷன், மனசார.