உம்மாவின் கால்சியம்

இந்த ஊரில் காலையில் இரத்தம் கொடுத்தால் அஸர் தொழுகைக்குள் முடிவு கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்க்க நாம் ஒருவர்தான். எங்கள் பத்தமடையில் அப்படியா? லேப்பில் வாங்கிய கவரைப் பிரிப்பதற்குள் மருந்துக்கடை அண்ணாச்சி, அங்கே தலைவலி மாத்திரை வாங்க வந்தவர், வழியில் பார்த்த மாமி என்று நாலு பேர் படித்து, ஆளுக்கொரு வைத்தியமும் சொல்லிவிடுவார்கள். டொராண்டோவுக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும், அந்த முடிவைத் தனியாகப் படிப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

போன குளிர்காலத்தில் உம்மாவின் முடிவை அப்படித்தான் படித்தேன். கொஞ்ச நாளாக உம்மாவுக்கு ஓயாத தாகம், அசதி. கால்சியம் அளவு மிகக் கூடியிருந்தது. மறுநாள் குடும்ப டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். கால்சியம் எலும்புக்கு நல்லதுதான்; இரத்தத்தில் அளவு மீறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், நாள்பட்டால் இரத்தக்குழாய்களுக்கும் நல்லதல்ல என்றார். வாப்பா மாரடைப்பில்தான் மவுத்தானார்கள். நான் விமானத்தில் இருக்கும்போதே அடக்கம் முடிந்துவிட்டது. உம்மாவையாவது கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இங்கே அழைத்து வந்தேன்.

சாப்பாடு தவிர வேறு ஏதாவது எடுத்துக்கொள்கிறாரா, மாத்திரை, பொடி, சப்ளிமென்ட் என்று டாக்டர் கேட்டார். உம்மா பக்கத்தில்தான் இருந்தார்கள். அவர்களிடம் கேட்காமலேயே ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் கழுத்துச் சுரப்பியில் கோளாறு இருக்கலாம், வேறெங்காவது கட்டியும் இருக்கலாம் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, மார்பில் வயர்களை ஒட்டி, கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

கால்சியம் மளமளவென்று இறங்கியது. தேடிய கட்டி எங்கும் இல்லை. டாக்டர்கள் குழம்பிக்கொண்டிருந்தபோது, உம்மா கேட்டார்கள் என்று என் மனைவி வெற்றிலைப் பையைக் கொண்டுவந்தாள். நர்ஸ் அதிலிருந்த டப்பாவைத் திறந்து, இந்த வெள்ளைப் பசை பல் துலக்கவா என்று கேட்டாள். இல்லை, வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பு என்று விளக்கத் தொடங்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. சுண்ணாம்பில் இருப்பது கால்சியம் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நானோ கெமிக்கல் இன்ஜினியர். என்ன செய்ய, வெற்றிலை எங்களுக்குச் சாப்பாட்டிலும் சேராது, மருந்திலும் சேராது. ஊரிலிருந்து தாயாரை அழைத்து வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுவார் என்று டாக்டர் கேட்டார். உம்மா கணக்குச் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்கள்.

"ஊர்ல சோறு தின்ன பொறவு ஒரு தடவ போடுவேன், அவ்வளவுதான். அங்கன வாய்க்குப் பேச்சு இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருதீய. இங்கன நான் வாயத் தொறக்கதே வெத்தல போடத்தான் வாப்பா."

நிறையத் தடவை என்று மட்டும் டாக்டரிடம் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

சுண்ணாம்பு நின்றது. அது இல்லாத வெற்றிலையை ஆடுதான் தின்னும் என்று உம்மா வெற்றிலையையும் விட்டார்கள். பிறகு பகல் முழுக்க ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பனி உருகிய பிறகு கடைசியாக ஒரு முறை சோதித்தார்கள். கால்சியம் சரியாக இருந்தது, இதயமும் ஒழுங்காகத் துடித்தது. டாக்டருக்கு ரொம்ப மகிழ்ச்சி. இனி எந்தப் பயமும் இல்லை, உங்கள் தாயார் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இங்கே உங்களோடு இருக்கலாம் என்றார்.

உம்மா என் முகத்தையே பார்த்தார்கள்.

"என்ன சொல்லுதாரு? நான் ஊருக்குப் போலாமாமா?"

டாக்டரை ஒரு முறை பார்த்துவிட்டு உம்மா பக்கம் திரும்பினேன்.

"போலாம்னுதான் சொல்லுதாரு உம்மா."

உம்மா சிரித்தார்கள். தான் சொன்னதைக் கேட்டுத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து டாக்டரும் சிரித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.